அத்தை வைத்த பேர்

ஆண் பிள்ளை பிறந்தால் வெண்கலத் தட்டைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறுவார்கள். உருட்டுக்கட்டையால் அடி அடியென்று அடிப்பார்கள். வடக்கே டோங்க் பக்கத்துப் பீலூகேடா கிராமத்தில் அடித்தால் ஏரிக்கு அந்தப் பக்கம் எருமை மேய்க்கிறவனுக்கும் கேட்கும். பெண் பிறந்தால் முறத்தை எடுத்து வாசலில் நின்று நாலு தட்டு. முறத்தின் சத்தம் எவ்வளவு தூரம் போய்விடும்? அடுத்த வீட்டுக்காரி என்னவோ பயறு புடைக்கிறாள் என்று நினைத்துக்கொள்வாள். அவ்வளவுதான் வரவேற்பு.

அந்த ஊரில் கீசி என்ற பெண்மணியின் வீட்டில் மூன்று முறை முறம் தட்டினார்கள். நான்காவது முறை தட்டக்கூட யாரும் எழுந்திருக்கவில்லை. அப்படிப் பிறந்தவள்தான் தாப்பூ.

பேரைக் கேட்டால் அழகாகத்தான் இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அந்த அழகு போய்விடும். டோங்க் பக்கத்தில் பந்தியில் உட்கார்ந்தவன் வயிறு நிறைந்ததும் தட்டின் மேல் கையை விரித்து மூடி, "தாப் கியோ" என்பான். நிறைந்துவிட்டது, இனி போடாதே என்று அர்த்தம். அந்தச் சொல்லைத்தான் கிள்ளி எடுத்துப் பெண்ணுக்குப் பேராக வைக்கிறார்கள். சாமிக்குச் சொல்கிற பேச்சு அது. தட்டின் மேல் கையை வைத்தாகிவிட்டது, இனிமேல் பெண்ணைப் போடாதே. நம் பக்கத்தில் போதும்பொண்ணு என்று வைக்கிறார்களே, அதற்குக் கூடப்பிறந்த பேர்.

பையன்களுக்கும் அங்கே அசிங்கமான பேர் உண்டு. இல்லையென்று சொல்லவில்லை. தாப்பூவுக்கு அடுத்து இரண்டு வருஷம் கழித்து ஒரு வழியாகத் தட்டு ஒலித்தது. பிறந்தவனைக் குப்பைமேட்டில் ஒரு புரட்டு புரட்டி எடுத்துக் கஜோடு என்று வைத்தார்கள். குப்பை என்று அர்த்தம். குப்பையை எமன் தொடமாட்டான் என்று ஒரு கணக்கு. கீசியின் பேரே அப்படி வந்ததுதான். அவளுக்கு முன்னால் பிறந்ததெல்லாம் செத்துப்போக, அவளை முறத்தில் போட்டுத் தரையில் இழுத்து, இழுபட்டவள் என்று பேர் வைத்திருந்தார்கள். பிழைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு வைத்த பேர் அது. தாப்பூவின் பேரில் அந்த ஆசை கிடையாது. பேர் வேலை செய்ய வேண்டும் என்பது மட்டும்தான் அதில் இருந்தது.

வேலையும் செய்தது. தம்பி வந்தான். அதோடு தாப்பூவுக்கு அந்த வீட்டில் இருந்த வேலை முடிந்துபோயிற்று. தட்டுச் சத்தம் கேட்ட அன்றைக்கே அவளைக் கட்டிலிலிருந்து இறக்கிவிட்டார்கள். அப்புறம் அம்மை போட்டது. பக்கத்து வீட்டுக்காரி ஆட்டுப்பால் கொடுத்ததில் பிழைத்தாள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரி பின்னால் பல தடவை சொல்லிச் சிரிப்பாள்: "உன் அம்மா எட்டிப் பாத்துட்டு, இவ இன்னும் இருக்காளான்னு கேட்டாடி. ஆமா, இருக்கா, உனக்கென்னன்னேன்." தாப்பூவும் கூடச் சிரிப்பாள். என்ன செய்வது.

ஒன்று மட்டும் உண்டு. பந்தியில் யாராவது "தாப் கியோ" என்றால் சிறுசுகள் அவளைப் பார்த்து இளிக்கும். அதனாலேயே சாப்பாட்டில் அந்தச் சொல்லை அவள் வாயால் சொன்னதே கிடையாது. வயிறு நிறைந்தால் பேசாமல் எழுந்துவிடுவாள்.

லால்வாடியில் ஹஜாரி என்பவனுக்கு வாழ்க்கைப்பட்டாள். கடுகு விதைப்பான், எருமை வைத்திருந்தான், எதற்கும் அவசரப்படாத மனுஷன். அவளுக்குப் பிறந்தது இரண்டும் பையன். மாமியார் வீட்டில் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். ராசியான பேர், ராசியான பெண் என்று ஊரே சொன்னது. ஹஜாரி மட்டும் கேலி செய்வான். "கடவுளுக்கே போதும்னு சொன்னவ, எனக்கு ரெண்டாவது ரொட்டி போடுவாளா?" என்பான். அவன் கேலியில் விஷம் இருக்காது. அவள் மூன்றாவதையும் சேர்த்துப் போடுவாள்.

பிறந்த பிள்ளைக்குப் பேர் வைப்பது அங்கே அப்பாவின் அக்கா தங்கையுடைய உரிமை. சூரியனுக்குக் காட்டுகிற நாளில் அத்தை மடியில் வைத்துக்கொண்டு முதலில் என்ன பேர் சொல்கிறாளோ அதுதான் பேர். அதைத் திரும்ப வாங்கினால் பிள்ளை தங்காது. சொன்னதற்குக் கூலியாக அத்தை எதைக் கேட்டாலும் அன்றைக்கு இல்லையென்று சொல்லக்கூடாது. கொலுசு கேட்பார்கள், சேலை கேட்பார்கள், திமிர் பிடித்தவள் கறவை எருமை கேட்பாள்.

கஜோடு வளர்ந்து சுப்யார் என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான். முதல் பிள்ளை பெண். தாப்பூ போய்க் கேசர் என்று பேர் வைத்தாள். குங்குமப்பூ. இரண்டாவதும் பெண். மிஸ்ரி என்று வைத்தாள். கல்கண்டு. ஆசை ஆசையாக வைத்தாள். தனக்குக் கிடைக்காததை வாய் நிறையச் சொல்லிப் பார்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். கீசிக்கு வயிற்றெரிச்சல்.

"குங்குமப்பூ, கல்கண்டுன்னு தின்பண்டப் பேரா வெச்சா எந்தச் சாமி நிறுத்தும்? வாய் இனிக்க இனிக்கக் கூப்பிட்டா அதுகளும் வந்துக்கிட்டேதான் இருக்கும்."

"வந்தா வரட்டுமேம்மா. உன் பானைல கம்பு குறைஞ்சா போச்சு?"

"உனக்கு ரெண்டும் சிங்கக்குட்டி. நீ பேசுவே."

நாலு வருஷம் கழித்து மூன்றாவது பிறந்தது. அதுவும் பெண். இந்தத் தடவை பேர் என்ன வைக்க வேண்டும் என்பதைக் கீசி ஆள் விட்டே சொல்லியனுப்பிவிட்டாள். உன் பேரையே வை, வேறு எதையும் சொல்லிவிடாதே என்று. தாப்பூ எருமைக்குத் தீனி கலந்துகொண்டிருந்தாள். கையை உதறிவிட்டு, "நான் செத்தாலும் வெக்கமாட்டேன்" என்றாள். வழியெல்லாம் பேர் யோசித்துக்கொண்டே போனாள். ரோஷ்னி என்று வைப்பதாக முடிவு செய்துகொண்டாள். வெளிச்சம்.

போனதும் பிள்ளை பெற்ற அறைக்குள் நுழைந்தாள். சாம்பிராணிப் புகை, வாசலில் வேப்பிலை. நாத்தனார் தலையைக் கண்டதும் சுப்யார் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜீஜி, உன் பேரை வெய்யி."

அக்காவை அங்கே ஜீஜி என்றுதான் கூப்பிடுவார்கள். தாப்பூ காலை இழுத்துக்கொண்டாள்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? பெத்தவ சொல்ற பேச்சா இது? அந்தப் பேரோட நாப்பது வருஷம் இருந்தவ நான். எனக்குத் தெரியாதா அது எப்படி இருக்கும்னு?"

"மிஸ்ரிக்கு அப்புறம் ரெண்டு தடவை டவுனுக்குக் கூட்டிட்டுப் போனாங்க ஜீஜி. மெஷின் வெச்சுப் பாத்தாங்க. ரெண்டு தடவையும் வெறும் வயித்தோட திரும்பி வந்தேன். இவ பையன்னு மெஷின்காரன் சொன்னான். தப்பாச் சொன்னான். அதனால பொழைச்சு வந்திருக்கா."

"கஜோடு?"

"அவரு வண்டி ஓட்டினாரு. வேற ஒண்ணும் பேசல."

பிள்ளை துணிக்குள் அசைந்தது. சுப்யார் அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"நல்ல பேர் வெச்சேன்னா இவ இன்னொரு பொட்டை. அவ்வளவுதான். உன் பேர் வெச்சா உன் அம்மா இவளைக் கண்ணுல வெச்சுப் பாத்துக்குவாங்க. பேர் வேலை செய்யணும்னா ஆள் உசுரோட இருக்கணும்ல. உன்னையே உதாரணமாச் சொல்றாங்க தெனமும்."

தாப்பூ தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்ன கெட்டிக்காரி இந்தப் பெண். முக்காட்டுக்குள்ளேயே உட்கார்ந்து எல்லாக் கணக்கையும் போட்டு வைத்திருக்கிறாள். ஆனால் இவளுக்குத் தெரியாத ஒன்று தாப்பூவுக்குத் தெரியும். அந்தப் பேர் காப்பாற்றும், தட்டு ஒலிக்கிற வரைக்கும். ஒலித்த பிறகு என்ன ஆகும் என்பதை அம்மைத் தழும்பாக முகத்தில் சுமந்துகொண்டு இருக்கிறவள் அவள். எல்லாருக்கும் ஆட்டுப்பால் கொடுக்கிற பக்கத்து வீட்டுக்காரி அமைவாளா?

வெயில் ஏறியதும் முற்றத்தில் சாணம் மெழுகிக் கோலம் போட்டு, பிள்ளையைக் கொண்டுவந்து தாப்பூவின் மடியில் வைத்தார்கள். பெண்கள் பாட்டை நிறுத்தினார்கள். தாப்பூ பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் வாய் வராது என்று தெரியும்.

"தாப்பூ" என்றாள்.

கீசியின் முகம் மலர்ந்துவிட்டது. பல வருஷம் கழித்து மகளுக்கு நெட்டி முறித்துத் திருஷ்டி கழித்தாள். "கேளு, என் ராசாத்தி. கொலுசா, ஒட்டியாணமா, என்ன வேணுமோ கேளு. கஜோடு, இங்க வா, அக்கா கேக்கப்போறா."

"ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன். இந்த வீட்டுல தட்டு ஒலிக்கற அன்னிக்கு இவ எனக்கு. லால்வாடிக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கீசியும் சிரித்தாள். "பொண்ணைக் கூலியாக் கேட்ட முதல் அத்தை நீதான்டி. எனக்கென்ன, வெள்ளி மிச்சம். எடுத்துக்கோ."

கஜோடு சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "சரி ஜீஜி" என்றான்.

ராக்கி கட்டப் போகும்போதெல்லாம் தாப்பூ சின்னவளைப் பார்த்து வருவாள். சுப்யார் சொன்னது அப்படியே நடந்தது. வெண்ணெய் முதலில் அவளுக்கு. மழையில் நனையக்கூடாது, வெயிலில் விளையாடக்கூடாது. இருமினால் கீசி ஊரையே எழுப்புவாள். கேசரும் மிஸ்ரியும் காய்ந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கும். பக்ரீதுக்கு வளர்க்கிற கடாவை இப்படித்தான் கவனிப்பார்கள்.

ஆனால் அந்தக் குட்டிக்கு அதெல்லாம் தெரியுமா. வெண்ணெயை மிஸ்ரியின் வாயில் பாதி அப்பிவிட்டு வரும். இரண்டும் எப்போதும் வைக்கோல்போருக்குப் பின்னால் ஒளிந்து விளையாடிக்கொண்டிருக்கும். அத்தை வந்துவிட்டால் அவள் கையிலிருக்கும் அரக்கு வளையலைக் கழற்றி முற்றத்தில் உருட்டிவிட்டு அதன் பின்னாலேயே ஓடும்.

"உன் பேர் என்னடி?" என்பாள் தாப்பூ.

"தாப்பூ."

"அப்போ என் பேரு?"

"நீ பெரிய தாப்பூ. கிழட்டுத் தாப்பூ."

இப்படி ஒரு சந்தோஷம் அந்தப் பேரால் தனக்கு வரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. லால்வாடி வீட்டில் ஒரு சின்னக் கட்டிலுக்குக் கயிறு பின்னி வைத்தாள். "இன்னும் பையன் பொறக்கல, அதுக்குள்ள கட்டிலா?" என்று ஹஜாரி சிரித்தான். பின்னிய கயிறு தொய்ந்துவிடாமல் அவனே இழுத்துக் கட்டியும் கொடுத்தான்.

ஆவணி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு பகலில் பீலூகேடா நாவிதன் கஜோடுவின் டிராக்டரில் வந்து இறங்கினான். தலைப்பாகையில் அறுகம்புல். கையில் வெல்லம்.

"தட்டு அடிச்சாச்சு அத்தை. நேத்து விடியக்காலைல. பையன். கஜோடு பட்டேல் டிராக்டரைக் குடுத்து, ஒரு ஊர் விடாமச் சொல்லிட்டு வரச்சொன்னாரு."

தாப்பூ வெல்லத்தை வாங்கிக்கொண்டாள். அவனுக்குத் தலைப்பாகைத் துணி கொடுத்தாள். டீயும் கொடுத்தாள். அப்புறம்தான் கேட்டாள், "சின்னவ எப்படி இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கா. வயிறுதான் கொஞ்சம் சரியில்லை போல. தின்னது சேரல. பையன் வந்த சந்தோஷத்துல ஏகப்பட்ட இனிப்பு, அதான்."

அவன் டிராக்டர் அடுத்த ஊருக்குப் போயிற்று. தாப்பூ உள்ளே போய்த் துணி மூட்டையைக் கட்டினாள். ஹஜாரி குறுக்கே வந்து நின்றான்.

"எங்க கிளம்பிட்டே?"

"என் பொண்ணைக் கூட்டிட்டு வரப்போறேன். தட்டு அடிச்ச அன்னிக்குன்னு வாக்கு."

"வாக்கு எங்கயும் ஓடிப்போகாது. தீட்டு வீட்டுக்கு அத்தைக்காரி வெறுங்கையோட போறதா? சட்டை, குல்லாய் தெச்சு எடுத்துட்டு சூரியனுக்குக் காட்டற அன்னிக்குப் போகணும். இது உனக்கு நான் சொல்லணுமா? இன்னிக்கு நீ போய் நின்னு, அந்தப் பையனுக்கு ஒரு தும்மல் வந்தாலும் பழி உன் தலையிலதான். உன் அம்மாவை எனக்குத் தெரியும்."

"வயிறு சரியில்லைன்னானே."

"இனிப்பு தின்னா கொழந்தைக்கு வயிறு போகாதா? நம்ம பசங்களுக்குப் போகலையா?"

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அங்கே யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அவளுக்கே அது சரியென்றுதான் பட்டது. மூட்டையை இறக்கி வைத்தாள். அதுதான் அவள் செய்த காரியம்.

சூரியனுக்குக் காட்டுகிற நாள் வரைக்கும் உட்கார்ந்து தைத்தாள். பையனுக்குச் சட்டை, சரிகை வைத்த குல்லாய். சிவப்புத் துணி மிச்சம் இருந்தது. அதில் சின்னவளுக்கு ஒரு பாவாடை. வளருகிற பிள்ளை என்று மடித்துத் தைத்தாள், பின்னால் பிரித்துவிட்டுக்கொள்ளலாமே.

அந்த நாளில் பீலூகேடா வீட்டில் நிற்க இடமில்லை. பெண்கள் பாட்டு, அண்டாவில் கோதுமை ரவையும் வெல்லமும் போட்டு லாப்சி கிண்டுகிற நெய் வாசனை. தாப்பூ நுழைந்ததும் வளையலைக் கழற்ற யாரும் ஓடிவரவில்லை. கேசர் தண்ணீர்க்குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"கேசர், சின்னவ எங்கடி?"

கேசர் குடத்தை இறக்கவில்லை. "அவ இல்லை அத்தை. வாந்தி வாந்தியா எடுத்தா. அப்பா துணில சுத்தி எடுத்துட்டுப் போனாரு, ஏரிக்கரைக்கு."

"எப்போ?"

"டிராக்டர் திரும்பி வந்துச்சுல்ல, அதுக்கு மறுநாள். மிஸ்ரிக்கு இன்னும் சொல்லல."

தாப்பூ கையிலிருந்த மூட்டையைக் கீழே போடவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கீசி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"நல்ல நாளும் அதுவுமா முகத்தை அப்படி வெச்சுக்காதே. அவ ஆயுசு அவ்வளவுதான். வந்த வேலையை முடிச்சுட்டுப் போயிட்டா, புண்ணியவதி."

"டாக்டர்கிட்ட காட்டினியாம்மா?"

"கொட்டற மழை. தீட்டு வீடு. வண்டிக்கு எங்க போறது?"

"டிராக்டர் எங்க வீட்டு வாசல்ல நின்னுச்சேம்மா. வெல்லம் குடுக்க வந்துச்சே."

தூணோரம் நின்றிருந்த கஜோடு மெல்ல நழுவிக் கொல்லைப்பக்கம் போனான். தாப்பூவுக்கு அவன்மேல் வந்த கோபம் பாதி வழியிலேயே தன்மேல் திரும்பிவிட்டது. டிராக்டர் தன் வாசலிலும்தானே நின்றது. அதில் ஏறி உட்கார எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? டீ போட்டுக் கொடுத்த நேரம்கூட ஆகியிருக்காது.

சுப்யாரை மஞ்சள் முக்காடு போட்டு வெளியே அழைத்து வந்தார்கள். பிள்ளை பெற்ற அறையை விட்டு அன்றைக்குத்தான் வாசல் தாண்டுகிறாள். அவ்வளவு நாளும் அந்த அறைக்குள் இருந்துகொண்டு, வெளியே கட்டிலில் சின்னவள் அம்மா அம்மா என்று கத்தினதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். தாப்பூவைக் கடக்கும்போது முக்காட்டுக்குள்ளிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தது.

"வரேன்னியே ஜீஜி."

பையனைத் தாப்பூவின் மடியில் வைத்தார்கள். கொழுகொழுவென்று இருந்தான். நெற்றியில் மைப்பொட்டு. குல்லாய் அளவாகத்தான் இருந்தது. பெண்கள் பாட்டை நிறுத்தினார்கள். கீசி வெண்கலத் தட்டோடு தயாராக நின்றாள்.

"சொல்லு, தாயே. ராசா பேரா ஒண்ணு சொல்லு."

தாப்பூ இந்தத் தடவை பிள்ளையின் முகத்தை நன்றாகப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"தாப்பூ."

யாருக்கும் புரியவில்லை. ஒருத்தி சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"அவ பேரு இல்லடி" என்றாள் கீசி. "போனவளை விடு. இவனுக்குச் சொல்லு."

"இவனுக்குத்தான் சொன்னேன். தாப்பூ."

"பொம்பளைப் பேரைப் பையனுக்கு வெப்பாங்களா? பைத்தியமா உனக்கு? மாத்திச் சொல்லு."

"மாத்தறேன். பெரிசா ஒண்ணுமில்லையே. அத்தை வாயில வந்த முதல் பேரைத் திருப்பி வாங்கினா பிள்ளை தங்குமா, தங்காதான்னு நீயே சொல்லிடு. எல்லாரும் கேட்டுக்கட்டும். மாத்திடறேன்."

கீசி கூட்டத்தைப் பார்த்தாள். ஒருத்திகூட அவளுக்குத் துணைக்கு வரவில்லை. இத்தனை முறம் தட்டிப் பெற்ற ஒரே தட்டு. அதை வைத்துச் சோதித்துப் பார்க்க யாருக்குத் தைரியம் வரும்? கையிலிருந்த வெண்கலத் தட்டை அவள் மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"இனிமே இந்த வீட்டுல அவ பேரைச் சொல்லாம ஒரு வேளை சோறு இறங்கக்கூடாது" என்றாள் தாப்பூ. "அவ்வளவுதான் என் கூலி."

பிள்ளை சிணுங்கியது. சுப்யார் முக்காட்டுக்குள்ளிருந்து கையை நீட்டினாள். "தாப்பூ, வா" என்றாள். பிள்ளையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டாள்.

அந்தக் கூப்பிட்ட சத்தம் முற்றத்தின் மூலை வரைக்கும் கேட்டிருக்கிறது. அங்கே உட்கார்ந்து லாப்சி தின்றுகொண்டிருந்த மிஸ்ரி தட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. நெய்க்கையோடு வைக்கோல்போருக்குப் பின்னால் ஓடினாள். இந்தப் பக்கம் தேடினாள், அந்தப் பக்கம் தேடினாள். அப்புறம் அங்கே யாரும் இல்லையென்று சொல்ல அத்தையிடம் திரும்பி வந்தாள்.